சின்ன மாமா ஒட்டாமல் விட்ட வண்டி

பேருந்தின் பக்கவாட்டில் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் அதன் ஓரத்துக்குத்தான் போகும். மூலை தூக்கியிருக்கிறதா, நடுவில் குமிழ் விட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் என்ன விற்கிறார்கள் என்று படிப்பேன். சின்ன மாமா எனக்கு வைத்துவிட்டுப் போன சொத்து இது.

சின்ன மாமா என் அம்மாவின் தம்பி. டிப்போவில் பேருந்துகளுக்கு விளம்பரம் ஒட்டுவது அவர் வேலை. சோப்பு, பல்பசை, மெத்தை, மூலவியாதி மருந்து என்று அவர் கை படாத சரக்கு கிடையாது. வண்டியைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, பின்பக்கம் பசையுள்ள பெரிய தாளை மேலிருந்து இறக்கி, ரப்பர் பட்டையால் தண்ணீரை வழித்துக்கொண்டே வருவார். வீட்டுக்கு வந்தாலும் அவர்மேல் அந்தச் சோப்பு வாசனைதான். "ஊரு வண்டியெல்லாம் பளபளன்னு இருக்கு, உன் காலரப் பாரு, அடுப்புத்துணி மாதிரி" என்பாள் அம்மா.

அம்மா யாரையும் திட்டுவாள். அப்பா போனபிறகு கீழ்வீட்டில் நானும் அவளும்தான். மாடியறையிலிருந்து மாமா இறங்கி வரும்போதே திட்டும் தொடங்கிவிடும். அந்த வீட்டில் திட்டு விழாத ஒரே ஆள், மாமாவோடு மாடியில் இருந்த டிரைவர். எனக்கு அவர் டிரைவர் மாமா. அம்மாவுக்கு ‘டிரைவர் சார்’. யாராவது கேட்டால், "மாடில குடியிருக்கறவர்" என்பாள். அவர் குடிவந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். படித்து முடித்து நான் வேலைக்குப் போகத் தொடங்கியபிறகும் அவர் குடியிருந்துகொண்டுதான் இருந்தார். மாடியில் ஒரே அறை, ஒரே கட்டில். துணி காயப்போட தினமும் மேலே போய்வரும் அம்மா அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை. வெளியாளை யாராவது திட்டுவார்களா? அதனால் அவரையும் திட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்கு மறக்காதவை. டிரைவர் மாமா இரண்டு பேரின் காக்கிச் சட்டைகளையும் தேய்த்துவைப்பார். சமையல் மாமாவினுடையது. உப்பு போட்டோமா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை போடுவார். "உன் மாமன் கடல்ல பொறந்திருக்க வேண்டியவன்" என்று முணுமுணுத்துக்கொண்டே டிரைவர் மாமா தட்டைக் காலி செய்துவிடுவார். மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கிப்போவார். தூக்கத்தில் இடது கை மட்டும் கியர் மாற்றிக்கொண்டிருக்கும். நானும் மாமாவும் எதிரே உட்கார்ந்து, "இப்ப மேடு ஏறுது, இப்ப ஸ்டாப்பு வருது" என்று சொல்லிச் சிரிப்போம்.

எந்த வண்டிக்கு எந்த விளம்பரம் என்பது டிப்போவில் ஒட்டுகிறவர் இஷ்டம். புதிதாக எது வந்தாலும் முதல் தாள் டிரைவர் மாமாவின் வண்டிக்குத்தான். "அந்த வண்டி டயர்லதான் காத்து சரியா இருக்கும், நேரா ஒட்ட வரும்" என்று மாமா ஒரு காரணம் வைத்திருந்தார். யாரும் நம்பியதில்லை. கையில் எப்போதும் குறடு வைத்திருந்ததால் குறடு என்றே பேர் பெற்ற மெக்கானிக் ஒருவர் அங்கே இருந்தார். "என்னப்பா, மாப்பிள்ளைக்குப் புதுச் சட்டை எடுத்தாச்சா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், மாமாவும் சிரிப்பார். மூலவியாதி மருந்தைக்கூட முதலில் சுமந்தது அந்த வண்டிதான். டிரைவர் மாமா ஒரு மாதம் முகத்தில் சலனமே இல்லாமல் அதை ஓட்டினார்.

அப்புறம்தான் அந்த விளம்பரம் வந்தது. அன்று எனக்கு விடுமுறை. மாமா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போயிருந்தேன். வேறு ஒருவருடைய வண்டியில் அவர் தாளை வழித்துக்கொண்டிருந்தார். தாளில் காதோரம் நரைத்த இரண்டு ஆண்கள் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ‘ஆணை நேசிக்கும் ஆண் உங்கள் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். அவரிடம் பேசுங்கள்’ என்று கீழே எழுதி, ஏதோ தொண்டு அமைப்பின் பெயர் போட்டிருந்தது.

"என்னடா கர்மம் இது?" என்றார் குறடு. "குழந்த குட்டி ஏர்ற வண்டியில போயி, ஆம்பளையும் ஆம்பளையும் தோள்ல கை போட்டுக்கிட்டு..."

"நேத்து டீக்கடைக்கு என்னை எப்பிடி இழுத்துட்டுப் போனியாம்?" என்றார் மாமா, திரும்பாமலே.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குறடும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடே கேட்டார்: "அதிருக்கட்டும், மொதல் தாளு எப்பவும் மாப்பிள்ள வண்டிக்குத்தானே? இன்னைக்கு என்ன வழக்கம் மாறிப்போச்சு?"

விளையாட்டாகத்தான் கேட்டார். கேட்டபிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும், வாயைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். சிரித்தவர்களும் அடங்கிவிட்டார்கள். பக்கத்து வண்டியில் தண்ணீர்க் கேனோடு டிரைவர் மாமா நின்றுகொண்டிருந்தார்.

"தாளு தீர்ந்துபோச்சு" என்றார் மாமா.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். இன்னொரு சுருள் அவர் காலடியிலேயே சாய்ந்திருந்தது.

சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அறைக்கதவு திறந்திருந்தது. டிரைவர் மாமா தன் சட்டைகளை மட்டும் பிரித்துப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மூலவியாதி மருந்த ஒரு மாசம் சுமந்தேன். ஏன்னு ஒரு வார்த்த கேட்டேனா?"

"அது வேற, இது வேறய்யா. ஊரு பேசும்."

"ஒட்டியிருந்தா பத்தோட பதினொண்ணு. நீ ஒட்டாம விட்டதுதான் எல்லார் கண்லயும் பட்டுது."

"உன் வேலைக்கு ஏதாவது வந்துட்டா?"

"என் வேலைய நான் பாத்துக்குவேன். இத்தன வருஷத்துல ஊரு முன்னால எனக்குன்னு நீ செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் பயந்துகிட்டு விட்டுட்ட." பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. "குடியிருக்கறவன்தானே நான். மாசம் முடியட்டும், காலி பண்ணிடறேன்."

ஜிப்பைச் சரிசெய்யக் குனிந்த மாமா, செய்தால் பை மூடிக்கொண்டுவிடும் என்று தோன்றியதோ என்னவோ, கையை எடுத்துக்கொண்டார்.

கீழே வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே பீன்ஸ் நறுக்கினாள். அன்று அதற்கப்புறம் அவள் யாரையும் திட்டவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோதுகூட என்னை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் மாடியில் இருவரும் இல்லை. நான் வேலைக்குக் கிளம்பியபோது அம்மாவும் செருப்பை மாட்டினாள். கண்ணாடிக் கடையில் வேலை இருக்கிறதாம். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. இருவரும் ஸ்டாப்பில் போய் நின்றோம்.

டிரைவர் மாமாவின் வண்டி வந்தது. அதன் பக்கவாட்டில் அந்த இரண்டு ஆண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா வாழ்நாளில் ஒட்டியதிலேயே மோசமான தாள் அதுதான். ஒரு பக்கம் ஒரு கையளவு இறங்கியிருந்தது. ஒருவர் நெற்றியில் கொழுக்கட்டை மாதிரி குமிழ். அவ்வளவு பெரிய தாளுக்கு இரண்டு ஆள் வேண்டும், இன்னொரு முனையைப் பிடித்த ஆளுக்குத் தொழில் தெரியாது என்பது பார்த்தாலே புரிந்தது.

ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் அடுத்த வண்டிக்கு நின்றுவிட்டார். மற்றவர்களுக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, ஏறினார்கள். டிரைவர் மாமாவின் முகம் மூலவியாதி மருந்து ஓட்டிய மாதத்தில் இருந்ததுபோலவே இருந்தது.

அம்மா ஏறவில்லை. விளம்பரத்துக்கு எதிரில் நின்று, எழுத்துக் கூட்டுகிறவள்போல முழுவதும் படித்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். அவள் நடந்து டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போனாள்.

"யாரு ஒட்டினது இத?"

"அவன்தாங்க. நான் அந்தப் பக்கம் பிடிச்சேன்."

"பிடிச்ச லட்சணந்தான் தெரியுதே!" அவள் குரல் வண்டியின் கடைசி சீட்டு வரைக்கும் போயிருக்கும். "எருமமாடு, ரெண்டு பேரு சேந்து ஒரு தாள நேரா ஒட்டத் துப்பில்ல. இதுல துரை வீட்டக் காலி பண்ணப் போறாராம். மாடிக் கொழா ஒழுகுது, அத யாரு பாக்கறது, உங்க தாத்தாவா? சாயங்காலம் ஒழுங்கா வீடு வந்து சேரு."

"சரிக்கா" என்றார் டிரைவர் மாமா.

அம்மா ஏறி, பெண்கள் சீட்டில் இடம் கேட்டு உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும்போது தூக்கிப் போட்டது. கியர் விழவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் ஓட்டி வண்டி குலுங்கியது அன்றைக்குத்தான்.

அந்தத் தாள் ரொம்ப நாள் நிற்கவில்லை. புகார் மேல் புகார் வந்து, மேலிடத்து உத்தரவில் மாமாவே எல்லா வண்டியிலிருந்தும் உரித்தார். குறடு சில மாதங்கள் ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிடாமல் ஜாக்கிரதையாகப் பேசினார். மாமாவுக்கு அதுதான் புகாரைவிடக் கஷ்டமாக இருந்தது. பிறகு புது விளம்பரம் ஒன்று வந்த நாளில், குறடு பழக்கதோஷத்தில், "மாப்பிள்ளைக்குச் சட்டை எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டாராம். சாப்பிடும்போது அதை மாமா எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"போதும்டா, சோறு காயுது" என்றாள் அம்மா. "நீயும் என்ன இளிச்சுகிட்டு, தட்டப் பாத்து சாப்பிடு" என்றாள் டிரைவர் மாமாவிடம்.

அன்றைய விளம்பரம் கொசுவத்தி.