தராசின் மேல் தங்கை

என் தங்கை டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். நான் அவள் கையை விடாத அக்கா. வைத்தியம் வேண்டியிருந்தது எனக்குத்தான் என்று தெரிய நாளாயிற்று.

தொண்ணூறுகளில் நான் கல்லூரியில் பிரீடிகிரி படிக்கும்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. ஆரியசாலைக் கடைத்தெருவில் அப்பாவுக்கு வற்றல் மிளகாய் மொத்தக்கடை, மாடியில் வீடு. தங்கைக்குத் தசைகள் தளர்வு, பாதம் தட்டை. சும்மா நிற்கும்போதே லேசாக ஆடுவாள். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவாள்.

அந்த வருடம் அவளுக்கு ஒரே ஆசை. தெருக்கோயில் உற்சவத்தில் பெண்பிள்ளைகள் விளக்கேற்றிய தட்டை ஏந்தி வரிசையாகப் போகும் தாலப்பொலியில் தானும் போக வேண்டும். விழுந்து பாவாடையில் தீப்பிடித்தால்?

"மோளே, நீ பிடிச்சா அவள் படிக்கில்ல. கை விடு" என்று பிசியோதெரபி சேச்சி மலையாளத்தில் கறாராகச் சொல்லிவிட்டார். நான் பிடித்தால் அவள் தானாக நிற்கப் பழகமாட்டாளாம். விடுவேனா நான்?

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். மத்தியானம் வியாபாரம் ஓய்ந்ததும், மூட்டை நிறுக்கும் பெரிய தராசின் மேல் அவளை ஏற்றி நிறுத்துவார். அவள் ஆடினால் எடை காட்டும் வட்டத்துக்குள் முள்ளும் ஆடும். பத்து எண்ணும்வரை முள் அசையாவிட்டால் ஒரு கடலைமிட்டாய். மிளகாய் நெடியில் அவள் தும்ம, முள் துள்ள, மூன்று பேரும் சிரிப்போம்.

அவள் ரொம்ப ஆடும் நாளில் நான் பின்னால் நின்று அவள் முழங்கையைத் திருட்டுத்தனமாகத் தாங்கிக்கொள்வேன். ஒருநாள் அப்பா குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"முந்தாநேத்து முப்பத்தெட்டு கிலோ. இன்னைக்கு முப்பத்தாறா? நம்ம மிளகாகூட இப்பிடி வத்தாது, கேட்டியா. அந்த ரெண்டு கிலோவ எவ கையில வச்சிருக்கா?"

தங்கை திரும்பி என் கையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கையை எடுத்தேன். முள் நடுங்கியது, இங்குமங்கும் போனது, முப்பத்தெட்டில் நின்றது. அப்பா பத்துவரை எண்ணினார். நான் மூச்சே விடவில்லை.

உற்சவத்தன்று பட்டுப்பாவாடை கட்டி, வரிசையின் கடைசி ஆளாக அவள் தட்டேந்தி நடந்தாள். கால்களை அகட்டி வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு. நான் ஓரமாகக் கூடவே போனேன். கோயில் வாசலில் மூன்று கல்படிகள். மற்ற பெண்கள் ஏறிப் போய்விட்டார்கள். இவள் நின்றாள். தட்டில் சுடர் ஆடியது. என் கை தானாக அவள் முழங்கைக்குப் போயிற்று.

தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அக்கா, கை எடு. எடை குறையும்."

எடுத்துவிட்டேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி நின்று, சுடரைப் பார்த்து, அடுத்த படி. மூன்றையும் ஏறி உள்ளே போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. முதல் படியிலேயே இடறினேன். பின்னால் வந்த அப்பாதான் என் முழங்கையைப் பிடித்தார்.