மூன்றாவது லாரி

"இந்த வயர் ஒண்ண மட்டும் ஏன்யா தொங்க விட்டிருக்கே?" என்று கீழேயிருந்து சூப்பர்வைசர் கேட்டார்.

ஏணியில் நின்றிருந்த லைன்மேன், கொக்கி துருப்பிடித்து இத்துப்போயிருக்கிறது, இழுத்துக் கட்டினால் பிய்த்துக்கொண்டு வரும் என்றும், ஊர்வலம் கடக்கும்வரை தானே நுனி பிளந்த கவைக்கம்பால் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வதாகவும் சொன்னார். கொக்கிக்கு ஒன்றும் இல்லை. முந்தின நாள் அவரே அதை ஆட்டிப் பார்த்திருந்தார்.

சூப்பர்வைசர் ஏறிப் பார்க்கக்கூடியவர் அல்ல. "ஜெயிச்சவன் அவன், தண்டனை உனக்கு," என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போனார்.

முப்பத்தொரு வருடங்களாக வெற்றி ஊர்வலங்களுக்கு வழி விடுவது லைன்மேனின் வேலை. தெருக்களின் குறுக்கே தாழ்ந்து ஓடும் வயர்களை முந்தின நாளே உயர்த்திக் கட்டிவிட வேண்டும். லாரியின் தளம் நாலரை அடி, அதன்மேல் நிற்கும் ஆள் ஆறடி, ஆட்டும் கை இரண்டடி. விளையாட்டு வீரர்கள் என்றால் இன்னும் மூன்றடி. ஒருமுறை கால்பந்துக் கேப்டன் தூக்கிக் காட்டிய கோப்பை வயரில் மாட்டிக்கொண்டது. பஸ் நகர்ந்துவிட, கோப்பை மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அதிலிருந்து அலுவலகத்தில் அந்த மூன்றடிக்குக் கோப்பைக் கணக்கு என்று பெயர். இரண்டு போர்கள், நான்கு கோப்பைகள். எல்லா வெற்றியையும் அவர் மேலேயிருந்து உச்சந்தலைகளாகத்தான் பார்த்திருக்கிறார். யார் யாரை ஜெயித்தார்கள் என்று வீட்டில் கேட்டால், நேரத்துக்கு முடிந்துவிட்டது என்பார்.

இது மூன்றாவது போர். இதற்கு அவர் மகன் போயிருந்தான். போர் முடிய ஒரு மாதம் இருந்தபோது, காணவில்லை என்று கடிதம் வந்தது. அதன்பின் அவரும் மனைவியும் எழுதிய ஐந்து கடிதங்களுக்கும், விசாரணை நடக்கிறது என்ற ஒரே பதில். கையெழுத்துகூட மாறவில்லை. பேப்பரில் வந்த ஊர்வல வரிசையைப் படித்து, மகனுடைய படைப்பிரிவு மூன்றாவது லாரியில் வருகிறது என்று கண்டுபிடித்தது அவர் மனைவி.

"உயிரோட இருக்கானான்னு கேக்க வேண்டாம்ங்க. கடைசியா எங்க பாத்தீங்கன்னு மட்டும் கேளுங்க. பாத்தவன் ஒருத்தனாவது இருப்பான் இல்ல."

தடுப்புக் கட்டைகளைத் தாண்டி லாரிப் பக்கம் போலீஸ் யாரையும் விடாது. ஏணியில் இரண்டு படி இறங்கி நிற்பவனுக்குத்தான் லாரியில் நிற்பவனின் முகம் நேருக்கு நேர் கிடைக்கும். இந்தத் திருப்பத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் திரும்ப முடியும். அரை நிமிடம். அது போதும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த ஒரு வயரைக் கட்டாமல் விட்டிருந்தார்.

முதல் லாரியில் தளபதிகள் வந்தார்கள். இரண்டாவதில் பாண்டு வாத்தியம். இரண்டாவது லாரியில் யார் வருகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருக்கவில்லை.

மூன்றாவது லாரி திரும்பியது. அவருடைய இரண்டு கைகளும் கவைக்கம்பில் இருந்தன. மகனின் பெயரைச் சொன்னார். பிறகு கத்தினார். பெயர், படை எண், கடைசியா எங்க பாத்தீங்க, எங்க பாத்தீங்க. முன்னால் நின்றவர்கள், அவரும் வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கையாட்டினார்கள். ஒருவன் தன் தோளில் விழுந்திருந்த பூவை எடுத்து அவர்மேல் எறிந்தான். கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் கையாட்டுவதை நிறுத்தினான். மகன் வயதுதான் இருக்கும். அவரைப் பார்த்து வாயைத் திறந்து ஏதோ சொன்னான். வாத்தியச் சத்தத்தில் கேட்கவில்லை. அவன் இன்னொரு முறை சொன்னான். லாரி திருப்பத்தைக் கடந்துவிட்டது.

இறங்கி ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஆனால் வயர் அவர் கம்பில் கிடந்தது. விட்டால் நாலாவது லாரியில் நிற்பவர்களின் கழுத்தில் விழும். கொக்கியில் கட்டியிருக்க வேண்டிய வயர். இன்னும் ஒன்பது லாரிகளுக்கு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒருத்தன் பதில் சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"காதுல விழல."

அவள் திட்டவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தாள்.

"வாய் எப்படி அசைஞ்சுது? அதே மாதிரி செஞ்சு காட்டுங்க."

அவர் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் காட்டினார். அவள் அவர் வாயையே பார்த்தாள். இன்னொரு தடவை என்றாள். காட்டினார். மூன்றாவது தடவை காட்டும்போது, அவன் செய்ததைத்தான் செய்கிறோமா என்று அவருக்கே சந்தேகமாகிவிட்டது. அதைச் சொல்லாமல் மறுபடியும் காட்டினார்.

மறுநாள் அவள் முதல் பஸ்ஸில் படை முகாமுக்குப் போனாள். அந்தப் பிரிவு விடியற்காலை ரயிலில் எல்லைக்குப் போய்விட்டது என்றும், வேண்டுமானால் தலைமை அலுவலகத்துக்கு எழுதலாம் என்றும் வாசலில் இருந்த சிப்பாய் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து சமைத்தாள். லைன்மேன் எட்டு மணிக்கே ஏணியோடு போய், உயர்த்திக் கட்டிய இருபத்திரண்டு வயர்களையும் அவிழ்த்துப் பழைய உயரத்துக்கு இறக்கினார். இரண்டு மணிக்கு இருவரும் சாப்பிட்டார்கள். சாயங்காலம் பக்கத்துத் தெருவில் பியூஸ் போய்விட்டதென்று வந்து கூப்பிட்டார்கள். போனார்.