அவளுக்காக நான் சொன்ன பதில்

டொச், அதாவது ஜேர்மன் மொழி, எனக்கு இன்றும் தடுமாற்றம்தான். தன் ஏழு வயதிலிருந்து அலுவலகங்களில் எனக்காகப் பேசியவள் என் மகள். அவளுக்காக நான் பேசியது ஒரே ஒரு தடவை.

பதினாறு வயதில் பனிச்சறுக்குப் பழகத் தொடங்கியவள், பனிமேடுகளில் ஏறித் தாவுவதற்கென்றே இருமுனையும் வளைந்த பலகைகள் கேட்டாள். மியூனிக்கில் ஒரு கடைக்குப் போனோம். காலில் போடும் சப்பாத்தைப் பலகையோடு பிடிக்கும் பூட்டைச் சரிசெய்யுமுன், கடைக்காரர் அவளுடைய உயரம், நிறை, அனுபவம் எல்லாம் கேட்டார். புதியவர் விழுந்தால் உடனே கழலுமாறு அதைத் தளர்வாக வைப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தான் புதியவள் என்றாள் மகள். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

“இல்லை, இவள் சறுக்குவதில் நல்ல கெட்டிக்காரி” என்று தெரிந்த டொச்சில் குறுக்கிட்டேன்.

“அப்பா, சும்மா இருங்கோ.”

“ஏன் பிள்ளை உன்னைக் குறைச்சுச் சொல்லுறாய்?”

கடைக்காரர் அவளைப் பார்த்தார். மறுத்தால் எனக்கு வெட்கமாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, ஓமென்று தலையாட்டினாள். அவர் திருகாணியை இறுக்கினார்.

முதல் நாளே, மூன்றாவது தாவலில் விழுந்தாள். பூட்டு கழலவில்லை. முழங்கால் முறுக்கிக்கொண்டது. இரண்டு சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகும், படியிறங்கும்போது அவள் கை கைபிடியைத் தேடுகிறது.

விழுந்த அன்று ஆஸ்பத்திரியில், பூட்டு ஏன் கழலவில்லை என்று மருத்துவர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

“நீங்கள் இருங்கோ அப்பா, நான் கதைக்கிறன்.”

கடையில் தானே பிழையாகச் சொல்லிவிட்டதாக அவரிடம் சொன்னாள்.

அதை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு எனக்கு டொச் தெரியும். மறுத்துச் சொல்லவும் தெரியும். நான் பேசாமல் இருந்தேன்.