ஒளிந்துகொள்ள விளக்குப் போடும் மீன்

கடலைப் பார்க்க பஸ் பிடிக்க வேண்டிய திண்டுக்கல்லில் பிறந்து, ஆழ்கடல் மீனை ஆராய்ச்சி செய்யப் போனவள் நான். எங்கள் தெருவில் இதற்குக் கொழுப்பு என்று பெயர்.

அப்பா கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் சீரியல் லைட் கட்டுகிறவர். நான் ஆராயும் லாந்தர் மீனோ விரல் நீளம்தான். பகலில் இருண்ட ஆழத்தில் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் மேலே ஏறி, பொடி உயிர்களைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் இறங்கிவிடும். அரபிக்கடலில் கொட்டிக் கிடக்கிறது. வயிற்றில் வரிசையாகக் குட்டி விளக்குகள். மேலிருந்து வரும் மங்கல் வெளிச்சத்தோடு அவை கலந்துவிடுவதால், கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் பெரிய மீனுக்கு இதன் நிழல் தெரியாது.

“ஒளியிறதுக்கு எவனாச்சும் லைட்டு போடுவானா? போ தாயி” என்று சிரித்தார் அப்பா.

ஆராய்ச்சிக் கப்பலில் எனக்கு இடம் கிடைத்தபோதுதான் சிரிப்பு நின்றது. பொம்பளைப் பிள்ளை, நடுக்கடல், முழுசாக ஒரு மாதம். “அந்த லைட்டு மீனக் கண்ணுல காட்டு, பெறகு பேசுவோம்” என்றார். முப்பதை நெருங்குகிறவள் அப்பாவிடம் அனுமதி கேட்பாளா என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் கேட்போம்.

கல்லூரி ஆய்வகத்திலிருந்து பாட்டிலில் ஒரு மீனைக் கொண்டுவந்தேன். செத்தது எரியாது, வலையில் உரசிப் பாதி விளக்கு உதிர்ந்தும் போயிருக்கிறது என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். யார் கேட்டது? சின்னாளப்பட்டியிலிருந்து அத்தை வேறு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஜன்னலைச் சாத்தி லைட்டை அணைத்தார்கள். பாட்டில் இருக்கும் இடமே தெரியவில்லை.

லைட்டைப் போட்டதும் அத்தை ஆரம்பித்தார். “ஏத்தா, இந்த நெத்திலிக்கா இம்புட்டு வருசம் படிச்ச? சோத்துக்குத் தொட்டுக்க ஒரு ஆளு வெஞ்சனத்துக்குக் காணாதே!”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ப்யூஸ் போன சீரியல் லைட் செட்டைப் பார்ப்பதுபோல் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீ இது எரிஞ்சு பாத்திருக்கியா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“இல்லப்பா. செத்ததத்தான் பாத்திருக்கேன்.”

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். கப்பல் போச்சு என்று நினைத்தேன்.

அப்பா பாட்டிலை என் கையில் திணித்தார். “எரியாத செட்டுக்கா இம்புட்டு நாளு காவக் காத்த? போ, எரியிற எடத்துல போயிப் பாத்துட்டு வா.”