அவிழாத முடிச்சு

சனிக்கிழமை மதியங்களில் லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியில் இலங்கைத் தோழி ஒருத்தியின் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் மணிமாலை கோர்ப்போம். நைலான் நூல் வழுக்கும். நான் போட்ட முடிச்செல்லாம் அவிழ்ந்து மணிகள் தரையெங்கும் ஓடும். எனக்கோ பொறுமை கிடையாது, நூலைத் திட்டுவேன். அந்தத் தோழியின் மாலை மட்டும் இழுத்தாலும் அவிழாது. ஒருநாள் அவள் விரல்களையே உற்றுப் பார்த்தேன்.

“இதை எங்கே கத்துக்கிட்டே?”

“ஆஸ்பத்திரியில. ஒப்பரேஷன் முடிய டொக்டர்மார் தையல் போடேக்க பக்கத்தில நிண்டு பாத்துப் பழகினனான். இஞ்ச தாரும், காட்டுறன்.”

அவள் அங்கே நர்ஸ். இரண்டு சுற்று, பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று. அன்று என் மாலையும் அவிழவில்லை.

இப்போது அதை அணிந்து ரயிலில் போகும்போது எதிரே இருப்பவர்களைப் பார்க்கிறேன். இதே முடிச்சு இவர்களில் யார் உடம்பைச் சேர்த்துப் பிடித்திருந்ததோ?