பாதி சொன்ன மருந்து

பண்டாரவளையில் என் மருந்துக்கடையின் மேல்தட்டில் நெடுநாளாக ஒரு வெறும் தேயிலை டின் இருந்தது. மூடி நசுங்கியது. தூசு தட்டும்போதெல்லாம் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று எடுப்பேன், மறுபடியும் அதே இடத்தில் வைத்துவிடுவேன். அது சித்தப்பாவின் டின்.

சித்தப்பாவுக்கு அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கொழுந்தை வாட்டி, உருட்டி, சூட்டில் காயவைப்பதில் மன்னன். மோந்து பார்த்தே பதம் சொல்லிவிடுவார். அவருடைய ஒரே மகளுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை போட்டும் மாதத்தில் இரண்டு மூன்று தடவை விழுந்துவிடுவாள். நான் அப்போது மருந்தாளர் படிப்பை முடித்த புதிது, வாய் சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லயத்தில் அவர் வீட்டுக்குப் போனவன், கஞ்சாச் செடியிலிருந்து வெளிநாட்டில் வலிப்புக்கு மருந்து எடுக்கிறார்கள் என்று பெரிய மேதாவியாட்டம் சொல்லிவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பஸ் ஏறிவிட்டேன்.

சொல்லாமல் விட்ட மீதிதான் முக்கியம். அந்தச் செடிக்குள் இருப்பது ஒரே பொருளல்ல. சி.பி.டி என்பது போதை தராது. அதைத் தனியே பிரித்து, அளந்து, சில வகை வலிப்புக்கு மட்டும் டாக்டர்கள் கொடுக்கிறார்கள். அதுவும் ஈரலைப் பார்த்துப் பார்த்துத்தான். டி.எச்.சி என்பது வேறு. தலையைச் சுற்றவைப்பது, நெஞ்சைப் படபடக்கவைப்பது, இல்லாத பயத்தைக் கிளப்புவது எல்லாம் அதுதான். பச்சை இலையில் அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், சூடு பட்டால்தான் கிளம்பும். சித்தப்பாவோ எங்கிருந்தோ இலை வாங்கி, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பக்குவம் செய்தார். வாட்டினார், உருட்டினார், சட்டியில் வறுத்தார், பாலில் கொதிக்கவைத்து மகளுக்குக் கொடுத்தார். எது வரக்கூடாதோ அதைப் பதமாக வரவழைத்துவிட்டார்.

சேதி கேட்டு நான் போனபோது, ஆஸ்பத்திரியில் அவள் கண் சிவந்து, நாக்கு வறண்டு, "நான் சாகப்போறேன்ப்பா" என்று நடுங்கிக்கொண்டிருந்தாள். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்குச் சித்தப்பா வாயே திறக்கவில்லை. பொலிஸ் பயம். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. லயத்துக்கு ஓடி, அடுப்பு மேல் அந்த இலையைப் போட்டு வைத்திருந்த டின்னை எடுத்துவந்து டாக்டரிடம் நீட்டினேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, சித்தப்பாவிடம், "யார் உனக்கு இதைச் சொன்னது?" என்று கத்தினார்.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் செஞ்சேன்" என்றார் சித்தப்பா. நான் பக்கத்தில்தான் நின்றேன். பேசவில்லை.

அவள் இரண்டு நாளில் தேறிவிட்டாள். டாக்டர் உள்ளே இருந்ததைக் கொட்டச்சொல்லி, வெறும் டின்னை என் கையில் கொடுத்தார். சித்தப்பா சாகும்வரை என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. அவர் திட்டியிருந்தாலாவது எனக்குத் தூக்கம் வந்திருக்கும். இப்போது யாராவது போனை நீட்டி, "இந்த எண்ணெய் வலிப்புக்கு நல்லதாமே?" என்று கேட்டால், மீதியையும் சொல்லி முடிக்கும்வரை ஆளை விடமாட்டேன்.

போன கிழமை சித்தப்பா மகள் மாத்திரை வாங்க வந்தாள். எனக்கு என்ன வந்ததோ, "ஒங்கப்பாகிட்ட அன்னிக்கு அதச் சொன்னது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும்ண்ணே. அப்பா சொல்லியிருக்காரு. அதனாலதான் ஒங்ககிட்டயே மாத்திரை வாங்கச் சொன்னாரு. அவன் இனிமே யாருக்கும் பாதி சொல்லமாட்டான்னாரு."

பிறகு மேலே பார்த்தாள். "அது அப்பா டின்னுதானே? குடுங்க, சீனி போட்டு வைக்கிறேன்."

கொடுத்துவிட்டேன். மேல்தட்டில் டின் இருந்த இடம் மட்டும் தூசில்லாமல் வட்டமாகத் தெரிகிறது. அங்கே வேறு எதையும் வைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.