எஞ்சினோடு வராத சாவி

என்னை மணப்பாட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லித்தான் சித்தப்பா அந்தக் காரில் கையை வைத்தார். இதை இன்றைக்கும் அவரிடம் சொல்லிக்காட்டுவேன். சிலுவைக் கோயில் மேட்டுக்குக் கீழே காரை நிறுத்திவிட்டு, கடலைப் பார்த்தபடி ஆளுக்கொரு ஐஸ்கிரீம் தின்பது என்று பேச்சு. கடைசியில் அந்தக் கார் முதன்முதலாகப் போன ஊர் புதுக்கோட்டை. பெரிய புதுக்கோட்டை அல்ல, எங்கள் தூத்துக்குடிக்கு வெளியே, திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் புதுக்கோட்டை. பஸ்ஸில் போகிறவர்கள் பாதித் தூக்கத்தில் தாண்டிவிடுகிற ஊர். பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது?

கார் தாத்தாவுடையது. அவர் வேலை பார்த்த பஞ்சாலையில் இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஊரைப் பார்த்துப் போகும்போது தாத்தாவிடம் தள்ளிவிட்டுப் போனது. மேலே கூரை கிடையாது. மூக்கு நீளம். தரையைத் தேய்த்துக்கொண்டு போகிற மாதிரி அவ்வளவு தாழ்வு. பந்தயத்தில் ஓடுகிற ஜாதி என்பார்கள். உட்கார இரண்டே இடம். ஆறு பிள்ளை பெற்ற மனுஷர் இரண்டு பேர் உட்காருகிற காரை எந்தக் கணக்கில் வாங்கினார் என்பது எங்கள் குடும்பத்தில் இன்றுவரை தீராத வழக்கு. தாத்தா போனபிறகு அது மில்லர்புரம் வீட்டுப் பக்கத்துச் சந்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. உப்புக் காற்று எஞ்சினுக்குள் புகுந்து எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கிற சமயமெல்லாம் அப்பா அதை இரும்புக் கடைக்குப் போடவேண்டும் என்பார். வெள்ளையடித்து முடிந்ததும் மறந்துவிடுவார்.

சித்தப்பா கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. கப்பலுக்குப் போனால் பல மாதம் வரமாட்டார். வரும்போது சாக்லேட்டும் சென்டுமாக வருவார், வீடு கலகலவென்று இருக்கும். அந்தத் தடவை வந்தவர் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. படுத்தார், எழுந்தார், மறுபடி படுத்தார். காதுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றார். கப்பல் ஏஜெண்டு போன் பண்ணினால் அது பாட்டுக்கு அடிக்கட்டும் என்று விட்டுவிடுவார். சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி இருப்பார். அம்மா கூப்பிட்ட பிறகுதான் மீதியைச் சாப்பிடுவார். பார்க்கிற எனக்கே அலுப்பாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம், இனிமேல் கப்பலுக்குப் போகவில்லை என்றார். பழைய கார்களுக்குப் புது எஞ்சின் மாட்டிக்கொடுக்கிற பட்டறை ஒன்று போடப்போகிறாராம். ஊர் ஊராக ஆட்கள் பழைய காரை அழகுக்கு வைத்துக்கொண்டு ஓட்டமுடியாமல் தவிக்கிறார்களாம். அப்பா துறைமுகத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறவர், எதையும் கையெழுத்துப் போடாமல் நம்பமாட்டார். முதலில் நம் வீட்டுக் காரை ஓட்டிக் காட்டு, ஓடினால் பக்கத்துச் சந்திலேயே பட்டறையைப் போடு, ஓடவில்லை என்றால் ஏஜெண்டு சொல்கிற அடுத்த கப்பலில் ஏறு என்றார். சித்தப்பா சரி என்றார். இந்த ஒப்பந்தத்துக்கு நடுவில்தான் என் மணப்பாடும் மாட்டிக்கொண்டது.

புது எஞ்சின் என்றால் கடையில் வாங்குகிற புதுசு இல்லை. புதுக் கார் ஒன்று லாரியில் அடிபட்டு, பின்பக்கம் முழுக்க நசுங்கி, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற உடைப்புக் கடைக்கு வந்திருந்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது. டர்போ வைத்த அதன் எஞ்சினைத்தான் சித்தப்பா வாங்கிவந்தார். டர்போ என்றால் என்ன என்று கேட்டேன். எஞ்சின் விடுகிற புகையே ஒரு சின்ன விசிறியைச் சுற்றும், அந்த விசிறி எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றை ஊதும், அதனால் சின்ன எஞ்சினுக்கும் பெரிய மூச்சு என்றார். கப்பலில் அந்த விசிறி எங்கள் சமையலறை அளவுக்கு இருக்குமாம். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் கொஞ்சம் களை வந்தது.

மீன்பிடி துறைமுகத்தில் படகுகளுக்கு எஞ்சின் மாட்டுகிற அண்ணாச்சி ஒருவர் ஒத்தாசைக்கு வந்தார். இரண்டு பேரும் வெயிலில் வெந்து, பழைய எஞ்சினைக் கழற்றி, பழைய கியர் பெட்டியோடு புது எஞ்சினைச் சேர்க்க லேத் பட்டறையில் ஓர் இரும்புத் தட்டைக் கடைந்து வாங்கி, அதை மாட்டினால் இது இடிக்கும், இதை நகர்த்தினால் அது இடிக்கும் என்று நாள் நாளாக மல்லுக்கட்டினார்கள். டர்போ துருத்திக்கொண்டு நின்றதால் பானெட் மூடவில்லை. தாத்தாவின் காரில் ஓட்டை போடுவதா என்று அப்பா ஒரு சண்டை போட்டார். அவர் ஆபீஸ் போன நேரம் பார்த்து ஓட்டை போட்டுவிட்டார்கள். அம்மா டீ கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்துபோனாள். ஏஜெண்டு இப்போது அப்பாவுக்கே போன் பண்ணத் தொடங்கியிருந்தார்.

எல்லாம் மாட்டியாயிற்று. உடைந்த காரின் மீட்டர் பெட்டியை வயரோடு என் மடியில் வைத்து, சித்தப்பாவுக்குப் பக்கத்துச் சீட்டில் என்னை உட்காரவைத்தார்கள். சித்தப்பா சுவிட்சை அமுக்கினார். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, பற்றவில்லை. மறுபடி, மறுபடி. என் மடியில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீசலைப் பார்த்தார்கள், காற்றைப் பார்த்தார்கள், பாட்டரியை மாற்றினார்கள்.

கடைசியில் கார் எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் அந்த விளக்கைப் பார்த்ததும் சாவி எங்கே என்று கேட்டார். இரண்டு பேரும் முழித்தார்கள். கப்பல் எஞ்சினுக்குச் சாவி கிடையாது. படகு எஞ்சினுக்கும் கிடையாது. வயர், பெட்டி, ஸ்க்ரூ என்று ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு வந்தவர்களுக்குச் சாவி என்ற நினைப்பே வரவில்லை. சாவித் தலைக்குள் ஒரு சில்லு இருக்கும், அதை அடையாளம் கண்டால்தான் இந்த எஞ்சின் பற்றும், வேறு எதற்கும் மசியாது என்றார் எலக்ட்ரீசியன். புதுச் சாவி வாங்கலாம், ஆனால் அந்த உடைந்த காரின் சொந்தக்காரர் நேரில் வரவேண்டும் என்றார்.

வண்டிக்காரர் வரமுடியாது. அந்த லாரி அடித்ததில் அவர் இறந்துபோயிருந்தார். இருபத்தைந்து வயதுப் பையன் என்று உடைப்புக் கடைக்காரர் சொன்னார். புதுக்கோட்டையில் அவனுடைய அம்மா மட்டும் இருக்கிறார், பள்ளிக்கூட டீச்சர் என்று வீட்டுக்கு வழியும் சொன்னார். உடைந்த வண்டியை எடுத்தபோது கடைக்காரர் சாவியைக் கேட்டதற்கு அந்த அம்மா தரவில்லையாம்.

சித்தப்பா சந்தில் காரின் மேலேயே சாய்ந்து நின்றார். சாயங்காலம் அம்மாதான் பக்கத்தில் போய் நின்றாள்.

“செத்த பிள்ள வீட்டுல போயி சாவி தாங்கன்னு எந்த வாயால மைனி கேக்க?” என்றார் சித்தப்பா.

“கேக்கலன்னா கப்பலுக்குல்லா போவணும் தம்பி” என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, “பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

அப்படித்தான் நான் புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போனேன். சின்ன வீடு, முன்னால் இரும்புக் கேட், உள்ளே ஒரு காரை நிறுத்துகிற அளவுக்கு சிமென்ட் தரை, அதில் எண்ணெய்க் கறை. டீச்சர் ஒல்லியாக, தலைக்குச் சாயம் போடுவதைப் பாதியில் விட்ட மாதிரி இருந்தார். கூடத்தில் மாலை போட்ட போட்டோ. அதற்குக் கீழே ஆணியில் சாவி தொங்கியது, திருச்செந்தூர் வேல் வைத்த வளையத்தோடு. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாவும் அதைத்தான் பார்த்தார். ஆனால் வாயைத் திறந்ததும் தாத்தாவில் ஆரம்பித்து, பஞ்சாலை, வெள்ளைக்காரர், கப்பல், காதுக்குள் ஓடுகிற எஞ்சின் என்று எங்கெங்கோ சுற்றி, கடைசியில்தான் அவர் மகன் கார் எஞ்சினுக்கு வந்தார். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கொட்டாவி வந்தது.

“எஞ்சின் நல்லா இருக்கா?” என்று கேட்டார் டீச்சர்.

“அதுக்கு ஒண்ணும் ஆகல டீச்சர்.”

“அதுக்கு ஒண்ணும் ஆகல” என்று டீச்சர் திருப்பிச் சொன்னார்.

சரி, கிடைக்காது, கப்பல்தான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். டீச்சர் எழுந்துபோய்ச் சாவியை எடுத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“நிப்பாட்டுன ஒடனே அணைச்சிராதிய. ஒரு நிமிசம் ஓடவிட்டு, பொறவுதான் அணைக்கணும். உள்ள வெசிறி சூடா சுத்திட்டு இருக்குமாம், அது அடங்கணும்னு அவன் சொல்லுவான். தெனமும் வாசல்ல வந்து அப்படித்தான் உக்காந்திருப்பான்.”

டர்போவைப் பற்றிச் சித்தப்பாவுக்குத் தெரியாததா? கப்பலில் அதோடுதானே காலம் தள்ளினார். ஆனாலும் புதிதாகக் கேட்கிறவர் மாதிரித் தலையாட்டினார். ஓடினால் ஒருமட்டம் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று டீச்சர் சொன்னார். சாவி கைமாறியது. பஸ் ஸ்டாப் வரைக்கும் சித்தப்பா அதைச் சட்டைப்பையில் போடவே இல்லை.

மறுநாள் காலையில் எலக்ட்ரீசியன் வந்து சாவித் துளையை மாட்டிக்கொடுத்ததும், எஞ்சின் முதல் சுற்றிலேயே பற்றிக்கொண்டது. சிவப்பு விளக்கு அணைந்தது. படகு அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்பா வாசலுக்கு வந்து, பட்டறைக்கு கரண்டு கனெக்‌ஷன் தனியாக வாங்கவேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் வாழ்த்துச் சொல்கிற முறை அதுதான். ஏஜெண்டின் போனை அன்றைக்குச் சித்தப்பாவே எடுத்துப் பேசி, வரவில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு ஒரே குஷி. தலைசீவி, பவுடர் போட்டு, மணப்பாட்டுக்குத் தயாராகிவிட்டேன்.

மணப்பாடு இருக்கட்டும், முதலில் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டு வாருங்கள் என்றாள் அம்மா. சித்தப்பா போன் பண்ணவில்லை. பண்ணினால் டீச்சர் காத்திருப்பார்கள், வழியில் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றார். மூன்று மணி வாக்கில் சொல்லாமலே கிளம்பினோம். ஆசைப்பட்டு ஏறிய கார் என்னை வறுத்து எடுத்தது. கூரை இல்லாத காரில் தூத்துக்குடி வெயில் எப்படி அடிக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. எங்கள் தலை அவற்றின் சக்கரத்து உயரத்தில் இருந்தது. புழுதியையும் புகையையும் தின்றுகொண்டு ஊர்ந்தோம். போய்ச்சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. எனக்கு அழுகை வருகிற அளவுக்குப் பசி.

கேட் திறந்தே கிடந்தது. சித்தப்பா காரை அந்த எண்ணெய்க் கறைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார். அணைக்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் வெளியே வரவில்லை. டீச்சர் வீட்டில் இல்லை போலிருக்கிறது, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சித்தப்பா சாவியைத் திருப்பினார். சத்தம் அடங்கியதும் உள்ளே தோசைக்கல்லில் மாவு விழுகிற ஓசை கேட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு நான்தான் முதலில் ஓடினேன். கூடத்தில் ஒரு பாய் விரித்து, ஒரு தட்டும் டம்ளரில் தண்ணீரும் வைத்திருந்தது. அடுக்களையில் டீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“ஏம்ல இன்னைக்கு இவ்வளவு நேரம்? கையக் கழுவிட்டு உக்காரு” என்றார்.

“ரோடு பூரா லாரியா நிக்கி டீச்சர், அதான்” என்றேன்.

டீச்சர் திரும்பினார். கரண்டியில் தோசையோடு அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையைக் கழுவிவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். உட்காரச் சொன்னால் உட்காரவேண்டியதுதானே. கொஞ்ச நேரம் கழித்து வந்து, தோசையைத் தட்டில் போட்டு, பக்கத்தில் பொடியை வைத்து எண்ணெய் ஊற்றினார். எனக்குப் பொடி காரம், சீனி வேண்டும் என்றேன். சீனி கொண்டுவந்தார். சித்தப்பா வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்றார். நான் கேட்கக் கேட்க டீச்சர் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். பசி அடங்கின பிறகுதான் எனக்கு நல்ல புத்தி வந்து, டீச்சர் நீங்க சாப்பிடலையா என்று கேட்டேன். தலையில் கையை வைத்து, நீ சாப்பிடு என்றார்.

திரும்பி வரும்போது நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை தோறும் அவர் அந்தக் காரை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போகத் தொடங்கியதும், நான் மணப்பாட்டைப் பார்க்க அடுத்த வருஷம் வரை காத்திருந்து பள்ளிக்கூட பஸ்ஸில் போனதும் பிறகு நடந்தவை.

அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம்தான் முதலில் ஓடினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாங்கள் சொல்லாமல்தானே போனோம், நான் பசியோடு வருவேன் என்று டீச்சருக்கு எப்படித் தெரிந்தது, எனக்கு மட்டும் தட்டு எடுத்து வைத்திருந்தார்களே என்று கேட்டேன். அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கப் போனேன்.